கனவுக்குள் விழிக்கப் பழகியவன்

கிளமான் இறந்த பிறகும் மகன் லூதோவிக்கின் கனவில் வந்துகொண்டிருந்தார். வந்து, ஒரே ஒரு காரியம்தான் கேட்டார். தான் உயிரோடு இருப்பதாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும், ஸ்கூட்டரை எடு என்றார்.

லூதோவிக் எடுத்தான். கனவில் அது அவனுக்குக் கொஞ்சமும் விநோதமாகப் படவில்லை. அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து, கருவடிக்குப்பத்திலிருந்து டவுனுக்குப் போய், பென்ஷன்காரர் சங்கத்து அலுவலகத்தில் டோக்கன் வாங்கி, பெஞ்சில் காத்திருந்தான். அப்பா எப்போதும் அவனுக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் தெரியாது. ஒட்ட வெட்டின பின்கழுத்து மட்டும் தெரியும். இவர்கள் எண்ணைக் கூப்பிடுவதற்குள் லூதோவிக் விழித்துக்கொள்வான். வாரத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை. இப்படி எட்டு மாதம்.

கிளமான் பிரெஞ்சுப் படையில் பதினேழு வருடம் இருந்தவர். பென்ஷன் பிரான்ஸிலிருந்து வந்தது. வருடா வருடம் அக்டோபரில் ஆள் இன்னும் இருக்கிறார் என்று ஓர் அதிகாரி கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அந்தத் தாளை அந்தக் குடும்பங்கள் வெறுமனே செர்த்திஃபிகா என்று சொல்லும். பிறப்பு, படிப்பு, கல்யாணம் இவற்றுக்கான தாள்களுக்கெல்லாம் முன்னால் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். இதற்கு வேண்டாம். கிளமான் அதை வாங்கப் போவதற்கு முந்தின நாள் முடி வெட்டிக்கொள்வார். சட்டையைத் தானே இஸ்திரி போடுவார். "உசுரோட இருக்கேன்னு சொல்லப் போறேன், பாத்தா தெரிய வேணாமா" என்பார்.

2006 அக்டோபரில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நுரையீரலில் நீர். பதினாறாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு லூதோவிக் காலை ஷிஃப்ட் முடித்துப் பார்க்கப் போனான். அம்மா ஏமா பிளாஸ்கைக் கழுவ வெளியே போயிருந்தார். கிளமான் தலையணைக்கு அடியிலிருந்து ஃபார்மை உருவினார்.

"லூதோ, அர மணி நேரம். ஆட்டோவுல போயிட்டு வந்துடலாம்."

லூதோவிக்கின் கண் எரிந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்தவன்.

"நாளைக்குப் போலாம் பப்பா. உசுரு எங்க ஓடிடப் போவுது" என்றான்.

மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு ஓடிவிட்டது. அந்த நேரத்தில் லூதோவிக் பாய்லர் மேல் நின்று பிரஷர் கேஜ் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

தான் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட. அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அப்பாவும் தவறாமல் வந்தார். ஆனால் அவர் வருகிற இடத்தில் லூதோவிக்கின் புத்தி வேலை செய்யவில்லை. டோக்கன் எங்கே, ஃபார்ம் எங்கே என்று அலைவதிலேயே நேரம் போனது. இவர் செத்தவர் ஆயிற்றே என்ற நினைப்பு விழித்த பிறகுதான் வந்தது.

லூதோவிக் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமா. பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் இருபத்து மூன்று வயதில் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு சித்தப்பா வீட்டுக்குப் போனான். பதினெட்டாவது மாடி. தூக்கம் வரவில்லை என்று எட்டாவது மாதம் திரும்பி வந்துவிட்டான். கிளமான் ஒரு வருடம் பேசவில்லை. மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். அங்கே இருக்கிற கேஜ், தெர்மாமீட்டர் எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சோதிப்பது வேலை. 1991-இல் ஒரு பிரஸ் மெஷின் அவன் இடதுகைச் சுண்டுவிரலை வாங்கிக்கொண்டது. மறு வருடம் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண் பூர்ணிமாவைக் கட்டிக்கொண்டான். எதிர்ப்பு இரண்டு பக்கத்திலும் ஒரே அளவில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பூர்ணிமா மூலக்குளத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். பிள்ளைகள் இல்லை. அம்மா ஏமா இவர்களோடுதான் இருந்தார்.

2007 ஜூனில் சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் ஒன்றின் விவரத்தாளை எடுக்க பிரௌசிங் சென்டருக்குப் போனவன், வந்த வேலை முடிந்ததும் 'இறந்த அப்பா, வரிசை, திரும்பத் திரும்பக் கனவு' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தான். வரிசையைப் பற்றி ஒன்றும் வரவில்லை. ஆனால் கனவு காணும்போதே இது கனவு என்று தெரிந்துகொள்ளப் பழகலாம் என்று ஒரு பக்கம் வந்தது. பதினாலு தாள் பிரிண்ட் எடுத்துக்கொண்டான்.

அதில் சொல்லியிருந்த முறை அவனுக்கு உடனே பிடித்துப்போனது. கனவில் எந்த அளவும் நிலையாக நிற்காதாம். பலகையை இரண்டு தடவை படித்தால் எழுத்து மாறியிருக்கும். விரல்களை எண்ணினால் ஐந்து வராது. சுவிட்ச் போட்டால் விளக்கு எரியாது. வாயை மூடி மூக்கைப் பொத்தினாலும் மூச்சு வரும். விழித்திருக்கும்போது இவற்றை ஒரு நாளைக்குப் பத்து தடவை செய்தால் அந்தப் பழக்கத்தில் கனவிலும் செய்வோம். அப்போது குட்டு வெளிப்பட்டுவிடும். இருபது வருடமாக அவன் கேஜுக்குச் செய்ததை இனி உலகத்துக்குச் செய்ய வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கைக்கடிகாரத்தை மணிக்கு ஒரு தடவை 'பீப்' சொல்ல வைத்தான்.

முதல் பீப் தொழிற்சாலை கேன்டீனில் அடித்தது. லூதோவிக் இடது கையை விரித்து எண்ணினான். நாலு. நிதானமாக இன்னொரு தடவை எண்ணினான். நாலுதான். ஆகவே கனவு. கனவு என்று தெரிந்தால் முதலில் பறந்து பாருங்கள் என்று நாலாம் தாளில் இருந்தது. பெஞ்சு மேல் ஏறி நின்றான்.

எதிரே உட்கார்ந்திருந்த கோபிநாத், பாய்லர் ஆபரேட்டர், பன்னைக் கையில் பிடித்தபடி பார்த்தான்.

"இன்னாண்ணே?"

"பறக்கப் போறேன்."

"டீ ஆறுதுண்ணே."

"வெரல எண்ணிட்டேன் கோபி. நாலுதான் இருக்குது."

"பதினாறு வருஷமா நாலுதானேண்ணே இருக்குது. நாந்தானே அன்னிக்கு உங்கள ஆட்டோவுல ஏத்துனேன்."

லூதோவிக் இறங்கி உட்கார்ந்தான். பேனாவை எடுத்து, தாளில் இருந்ததை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினான்: நாலு என்றால் நிஜம், ஐந்து என்றால் கனவு. அயல்நாட்டு அளவை உள்ளூருக்கு மாற்றாமல் எடுத்துக்கொண்டது தன் தப்பு என்று பட்டது.

சுவிட்ச் சோதனை எட்டு நாள் நடந்தது. அந்த எட்டு நாளில் உலகம் பதினோரு தடவை கனவு என்று முடிவானது. பதினொன்றும் மின்வெட்டு. அந்தச் சோதனையைக் கைவிட்டான். பலகைச் சோதனையும் டவுனுக்குள் உதவவில்லை. தெருமுனையில் ஒரு சுவரில் பிரெஞ்சுப் பேர் இருந்தது, கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் பக்கத்துச் சுவரில் வேறொரு தமிழ்ப் பேர் இருந்தது. இரண்டும் ஒரே தெருதான். ஊரே இரண்டாவது தடவை படித்தால் மாறுகிற ஊராக இருந்தது.

மூக்குச் சோதனை மட்டும் எங்கேயும் செய்ய முடிந்தது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், குரு அப்பத்தை உயர்த்திப் பிடித்து எல்லாரும் தலை குனிந்திருந்த நேரத்தில், பீப் அடித்தது. லூதோவிக் மூக்கைப் பொத்தினான். பின்வரிசைக் குடும்பத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூசை முடிவதற்குள் அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தார்கள். சர்ச் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஜன்னல்களைத் திறந்துவிட்டு, செத்த எலி இருக்கிறதா என்று பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினார்.

"இன்னாங்க அது, மூக்கப் புடிக்கிறீங்க, கைய எண்றீங்க" என்று அன்று சாப்பிடும்போது பூர்ணிமா கேட்டாள். "அத்த என்னாண்ட வந்து, லூதோவுக்கு யாராவது செய்வின செஞ்சி வெச்சிட்டாங்களான்னு கேக்குறாங்க."

"இது கனவா இல்லியான்னு பாக்குறேன்."

"மூணு நாளா கொழாயில தண்ணி வரல. கனவா இருந்தா வந்திருக்காதா?"

அவன் யோசித்தான். நல்ல கேள்வியாக இருந்தது. சாப்பிட்ட கையோடு எழுந்து போய்க் குழாயைத் திறந்து பார்த்தான்.

"நான் சும்மா சொன்னேன்" என்றாள் பூர்ணிமா.

ஏமாவிடம் கனவைப் பற்றி மட்டும் சொன்னான். அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. அவர் மீனை அலசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வாரத்துக்கு மூணு நாளா வர்றாரு?"

"ரெண்டு, மூணு."

"எனக்கு ஒரு நாளும் வரல. நாப்பத்தஞ்சு வருஷம் கஞ்சி ஊத்தியிருக்கேன். வந்து இன்னா கேக்குறாரு?"

"செர்த்திஃபிகாவுக்குக் கூட்டிக்கினு போன்னு."

"அதான். பொண்டாட்டியப் பாக்க வரல. தாளுக்கு வர்றாரு." மீனைத் திரும்ப அலசினார். கொஞ்சம் பலமாகவே அலசினார்.

தொழிற்சாலையில் கேஜ் சோதனைக்கு வைத்திருக்கிற மாதிரி ஒரு பதிவேடு போட்டான் லூதோவிக். தேதி, படுத்த நேரம், எழுந்த நேரம், அப்பா வந்தாரா, அப்பா சொன்னது, பிழை. பிழை என்ற கட்டத்தில் 'கனவு எனத் தெரியவில்லை' என்று இருபத்தாறு தடவை எழுதினான். அவனுக்கு ராத்திரி ஷிஃப்ட் வருகிற வாரங்களே தோதாக இருந்தன. காலை ஏழு மணிக்குப் படுத்தால் பதினோரு மணி வாக்கில், வெளியே கறிகாய் வண்டிக்காரன் கூவுகிற நேரத்தில், அப்பா வருவார். அலுவலகம் திறந்திருக்கும் நேரம் அதுதானே என்று லூதோவிக்குக்கு நியாயமாகவும் பட்டது.

இருபத்தேழாவது தடவை, ஆகஸ்டில், பெஞ்சில் உட்கார்ந்தபடி கையை எண்ணினான். ஐந்து இருந்தது. சுண்டுவிரல், நகத்தோடு. பதினாறு வருடம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒழுங்காக வளர்ந்திருந்தது. மகிழ்ச்சியில் எழுந்து நின்றான், விழிப்பு வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மூன்று விநாடி கிடைத்தது.

கனவு கலையாமல் இருக்க உள்ளங்கைகளைத் தேய்க்க வேண்டும் என்று பத்தாம் தாள் சொன்னது. அடுத்த வாரம் தேய்த்தான். அலுவலகத்துத் தரை ஓடுகள் ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிந்தன. பறக்கலாம், சுவருக்குள் நடக்கலாம், கடலை இங்கே கூப்பிடலாம். எதுவும் வேண்டாம் என்று தேய்த்துக்கொண்டே இருந்தான். தேய்க்கிற சத்தத்தில் முந்தின பெஞ்சில் கிளமான் திரும்பினார். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தான்.

"குளிருதாடா?"

"இல்ல பப்பா."

"ஃபார்ம் எடுத்தாந்தியா?"

"பப்பா, நான் ஒன்னு சொல்லணும். அன்னிக்கு நீங்க கேட்டப்போ நான் நாளைக்குன்னு சொன்னேன். அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"பரவால்ல. ஃபார்ம் எங்க?"

"பப்பா, நீங்க செத்துட்டீங்க."

கிளமான் அவனை மடையனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். படையில் புதிதாகச் சேர்ந்தவர்களை அப்படித்தான் பார்த்திருப்பார்.

"அதுக்குத்தானடா செர்த்திஃபிகா. உசுரோட இருக்கிறவனுக்குத் தாள் எதுக்கு, ஆளே இருக்கான். செத்தவனுக்குத்தான் அவசரம்."

லூதோவிக் விழித்தான். பதிவேட்டை எடுத்தான். அப்பா சொன்னது: பரவாயில்லை. பிழை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

அந்த 'பரவால்ல' யாருடையது? கனவில் வந்த கிளமானைச் செய்தது லூதோவிக்கின் மண்டை. பின்கழுத்து, குரல், அந்தப் பார்வை எல்லாம் அங்கே இருந்த சரக்குதான். மன்னிப்புக் கேட்டவனும் கொடுத்தவனும் ஒரே ஆள். ஒரு கேஜை அதே கேஜை வைத்துச் சோதித்தால் எப்போதும் சரியாகத்தான் காட்டும். பாலிடெக்னிக்கில் முதல் வருடம் சொல்லிக்கொடுத்தது. பதினாலு தாளில் எந்தத் தாளிலும் அது இல்லை. அவனுக்கும் மூன்று மாதமாகத் தோன்றவில்லை.

பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தான். அப்புறம் ஒரு மாதம் கொஞ்சமாகச் சாப்பிட்டான். கோபிநாத் இரண்டு தடவை "இன்னாண்ணே, பறக்கிறதில்லியா இப்பல்லாம்" என்று கேட்டுப் பார்த்தான். ஆனால் கடிகாரத்தின் பீப்பை லூதோவிக் நிறுத்தவில்லை. பீப் அடித்தால் கை தானாக விரிந்தது, விரல் தானாக மூக்குக்குப் போனது. பழக்கம் ஆகிவிட்டது.

அக்டோபர் வந்தது. இந்தத் தடவை செர்த்திஃபிகா ஏமாவுக்கு. விதவைக்குப் பாதிப் பென்ஷன் உண்டு. ஆகவே அவரும் தான் இருப்பதாகக் காட்ட வேண்டும். லூதோவிக் ராத்திரி ஷிஃப்ட் முடித்து, தூங்காமல், அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனான். அவனுக்குச் சளி. இரண்டு நாசியும் அடைத்திருந்தன.

அதே அலுவலகம், அதே தரை ஓடு. எழுபது பேர் இருந்தார்கள். டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே ஒரு மதாம், பிரெஞ்சுக்கார அதிகாரி, ஒவ்வொருவராகப் பார்த்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அம்மாவும் மகனும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஏமா கொஞ்ச நேரத்தில் அவன் தோளில் சாய்ந்து கண்ணை மூடினார். மின்விசிறி வேகமாகச் சுற்றியது. லூதோவிக்கின் தலை இரண்டு தடவை தொங்கி நிமிர்ந்தது.

பதினோரு மணி. பீப்.

எதிர்ச்சுவரில் கயிற்றில் ஒரு பலகை தொங்கியது. படித்தான்: திறந்திருக்கிறது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தான். மூடப்பட்டுள்ளது. விசிறிக் காற்றில் பலகை திரும்பிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. மூக்கைப் பொத்தினான். மூச்சு தாராளமாக வந்தது. விடியற்காலையிலிருந்தே வாயால்தான் மூச்சு விடுகிறோம் என்பதை மறந்திருந்தான். இடது கையைப் பார்த்தான். மடியில் கிடந்தது. எண்ணினான்.

ஐந்து.

இன்னொரு தடவை எண்ணினான். ஐந்துதான்.

முந்தின பெஞ்சில், ஒட்ட வெட்டின பின்கழுத்து ஒன்று இருந்தது. இஸ்திரி போட்ட காலர்.

போன தடவைக்குப் பிறகு அவன் ஒரு முடிவு செய்திருந்தான். இனிமேல் வந்தால் ஒன்றும் கேட்பதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை, தன் மண்டையோடு பேசி என்ன ஆகப் போகிறது. ஆனால் அந்தக் காலரைப் பார்த்ததும் முடிவு நிற்கவில்லை. முன்னால் சாய்ந்து தோளைத் தொட்டான்.

"பப்பா."

தோள் திரும்பியது. அகலமான முகம், பெரிய வெள்ளை மீசை, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. கிளமான் இல்லை. கனவில் முகம் மாறும் என்று ஏழாம் தாளில் இருந்தது. லூதோவிக் கவலைப்படவில்லை.

"பப்பா, அன்னிக்கு ஃபார்ம எடுத்து வெச்சிக்கினு கேட்டீங்க. அர மணி நேரம்தான் கேட்டீங்க. நான் நாளைக்குப் போலாம்னு சொன்னேன். உசுரு எங்க ஓடிடப் போவுதுன்னு சொன்னேன். எனக்குத் தூக்கம், அதான். அன்னிக்கே கூட்டிக்கினு வந்திருக்கணும். நான் பண்ணது தப்பு."

அந்தப் பெரியவர் பேர் பக்கிரி. அதே படை, வேறு பிரிவு. லூதோவிக் சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள். மீசையைத் தடவிவிட்டு, "எத்தினி நாள் லேட்டு?" என்றார்.

"ஒரு நாள்."

"ஒரு நாள்தானே. எனக்கு ஒரு வருஷம் லேட்டு ஆயி, அவங்க ரிஜிஸ்தர்ல செத்துட்டேன். ரெண்டு வருஷம் செத்துத்தான் கெடந்தேன். ஒன்னும் வலிக்கல. அப்புறம் எழுதிப் போட்டு எழுந்தேன்."

"நீங்க நெசமாவே செத்துட்டீங்க பப்பா."

"அவங்களும் இப்பிடித்தான் சொன்னாங்க. நேர்லயே போய் நின்னேன், தாள் இருக்குதான்னாங்க."

லூதோவிக்கின் தோளிலிருந்து தலை நிமிர்ந்தது. ஏமா கண்ணைக் கசக்குவதற்குக் கையை எடுத்தார். அவன் மடியில் நாலு விரல் மிச்சம் இருந்தது. அவனுடைய சுண்டுவிரல் இருந்த இடத்தில் இவ்வளவு நேரம் அம்மாவின் சுண்டுவிரல் படுத்திருந்தது.

லூதோவிக் நாலையும் பார்த்தான். பெஞ்சு, எழுபது பேர், மீசை. ஒவ்வொன்றாக நிஜமாயிற்று. காது சூடானது.

"மன்னிக்கணும் மிசியே" என்றான். "ஆள் மாறிடுச்சி."

"பரவால்லப்பா. நல்லாத்தான் கேட்ட. எம்புள்ள கேக்க மாட்டான்."

ஏமா அவன் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "லூதோ. உசுரு எங்க ஓடிடப் போவுதுன்னு சொன்னது நீயா?"

அவன் தலையை ஆட்டினான். ஒரு வருடம் முழுங்கினது எழுபது பேர் நடுவில் வெளியே வந்துவிட்டது. அம்மா கோபிப்பார் என்று காத்திருந்தான்.

"அத அவரு தானே சொன்ன மாதிரியில்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தாரு" என்றார் ஏமா. குரலில் கோபம்தான் இருந்தது. ஆனால் மகன் மேல் இல்லை. "நீ போனப்புறம் நான் பிளாஸ்க எடுத்துக்கினு உள்ள வர்றேன், மனுஷன் சிரிக்கிறாரு. ஏமா, இங்க வா, நான் ஒன்னு சொல்றேன் கேளு. செர்த்திஃபிகா நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன், உசுரு எங்க ஓடிடப் போவுதுன்னு சொல்லிட்டு, அவரே சிரிக்கிறாரு. இவருக்கு இந்த மாதிரியெல்லாம் வராதேன்னு நெனச்சேன். நன்ம குடுக்கக் கோயில்லருந்து வந்த சாமியாருகிட்ட சொன்னாரு. சாமியாருக்குச் சிரிப்புல அப்பத்தத் தூக்க முடியல. பக்கத்து பெட்டுக்காரன்கிட்ட சொன்னாரு. டாக்டர்கிட்ட ரெண்டு தபா."

"சிரிச்சாரா?"

"சிரிச்சிச் சிரிச்சி இருமுனாரு, இருமிட்டு மறுபடியும் மொதல்லருந்து. காலைல ஊசி போட ஒரு பொண்ணு வந்தா. புதுசு. அவகிட்டயும் ஆரம்பிச்சாரு. உசுரு எங்க..." ஏமா நிறுத்தினார். முந்தானையால் வாயைத் துடைத்தார். "அதோட நின்னுட்டாரு. அடுத்ததுக்கு மூச்சு புடிக்கிறாருன்னுதான் நான் பாத்துக்கினு இருந்தேன்."

கேஜுக்கு வெளியிலிருந்து வருகிற அளவு இதுதான். லூதோவிக்கின் மண்டையில் இது இருந்ததில்லை, இருந்திருக்கவும் முடியாது. இப்படி ஒன்றைக் கனவில்கூட அவன் செய்திருக்க மாட்டான்.

"என்னுத எடுத்துக்கிட்டாரு" என்றான் கடைசியில்.

"எது நல்லா இருந்தாலும் எடுத்துக்குவாரு. எங்கப்பா குடுத்த கைக்கடிகாரத்தத் தானே வாங்குனதா ஊரெல்லாம் சொன்னவர்தானே."

உள்ளே நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள். ஏமா எழுந்து புடவையைச் சரி செய்தார். மதாம் ஃபார்மைப் பார்த்தார், ஏமாவைப் பார்த்தார், முத்திரையை எடுத்தார். "நல்லா இருக்கீங்களா?" என்று தமிழில் கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.

"நான் இருக்கேன்" என்றார் ஏமா. "இவனத்தான் கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

வெளியே வரும்போது பக்கிரி பெஞ்சிலிருந்து கையை நீட்டி லூதோவிக்கை நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணுக்கு மீதிய யாராவது சொன்னீங்களா?"

லூதோவிக் அம்மாவைப் பார்த்தான். ஏமா உதட்டைப் பிதுக்கினார்.

ஸ்கூட்டர் கருவடிக்குப்பத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த வார்டு இருந்த மாடிக்கு ஏற ஏமாவுக்குப் பத்து நிமிடம் ஆனது. வழியில் இரண்டு பேரிடம் கேட்டார்கள். பேர் தெரியாது, போன அக்டோபரில் புதுசு, கொஞ்சம் குள்ளம் என்று ஏமா சொன்னார். அன்னக்கிளி என்று ஒரு நர்ஸைக் கூப்பிட்டார்கள். கையில் பஞ்சும் டிரேயுமாக வந்தாள். இருபத்து மூன்று வயது இருக்கும். ஏமாவைப் பார்த்ததும் டிரேயை ஜன்னல் மேல் வைத்துவிட்டாள்.

"பதினெட்டாம் பெட்டும்மா" என்றாள். "எனக்கு அதான் மொத சாவு."

லூதோவிக்குக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "எங்கப்பா உங்ககிட்ட ஒன்னு சொல்லிக்கினு இருந்தாராம்" என்றான். "பாதியில நின்னுடுச்சாம்."

"சொல்லல சார், கேட்டாரு. உசுரு எங்கன்னு கேட்டாரு. நான் ஊசிய வெச்சிக்கினு முழிச்சிக்கினு நின்னேன். பதில் வரல. அதுக்குள்ள போயிட்டாரு." அவள் பஞ்சைப் பிய்த்தாள். "எங்க சித்தப்பா பூசாரி. அவரக் கேட்டேன், நெஞ்சிலன்னாரு. எங்க சூப்பர்வைசர் மூளையிலன்னாங்க. ஒரு வருஷமா பெட்டுக்குப் பெட்டு அதான் ஓடுது மனசுல. நான் இன்னா சொல்லியிருக்கணும் சார்?"

"நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். அது கேள்வி இல்ல" என்றான் லூதோவிக். தொண்டையைச் செருமிக்கொண்டான். மூக்கு இன்னும் அடைத்திருந்தது. "செர்த்திஃபிகான்னு ஒரு தாள் வாங்கணும், ஆள் உசுரோட இருக்காருன்னு. அவரு அன்னிக்குப் போகல. அதான், நாளைக்குப் போலாம், உசுரு எங்க ஓடிடப் போவுதுன்னு."

அன்னக்கிளி காத்திருந்தாள்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

அவள் அவனைப் பார்த்தாள், ஏமாவைப் பார்த்தாள், பதினெட்டாம் பெட்டில் இப்போது படுத்திருந்த ஆளைப் பார்த்தாள். அப்புறம் பஞ்சுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"இவந்தாம்மா சொன்னது" என்றார் ஏமா. "அவரு இல்ல."